கருவிக்கு முன்னால் மண்: சிங்கப்பூரில் காலனி காலத்துப் பொருள்களைத் தேட எந்த வழி சரி?

மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று கேட்பவர்களிடம் எங்கே தேடப்போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரை என்று பதில் வரும். என்ன கிடைக்கவேண்டும் என்று கேட்டால் விக்டோரியா மகாராணி தலை போட்ட செப்புக் காசு, சிப்பாய் சட்டைப் பொத்தான் என்பார்கள். இந்த இரண்டு பதிலும் ஒன்றோடொன்று ஒட்டாது.

1960களில் சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டர். இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கூடியதெல்லாம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். பழைய நிலத்திலும் குன்றுகளை வெட்டிச் சமப்படுத்தி, கம்பம் என்ற பழைய கிராமங்களைப் பிரித்து, அடுக்குமாடிகளை எழுப்பியாயிற்று. ஆகவே இந்த ஊரில் முதலில் கேட்கவேண்டியது இரண்டு கேள்வி. இந்த மண் நூறு வருடமாக இங்கேயேதான் இருக்கிறதா? இதில் கைவைக்க எனக்கு உரிமை இருக்கிறதா? கருவியெல்லாம் அதற்கப்புறம்தான்.

கிடைத்தால் என்னதான் கிடைக்கும்? பழையதிலிருந்து தொடங்கினால், 1830களை ஒட்டி இங்கிருந்த வணிகர்கள் இங்கிலாந்தில் அடித்துக் கொண்டுவந்த செப்பு வில்லைகள் உண்டு. சேவல் படமும் 'தானா மெலாயு' (மலாய் நாடு) என்று ஜாவியில், அதாவது மலாய்க்கான அரபு எழுத்தில், பொறித்தவை நாணயம் சேர்ப்போருக்கு நன்றாகத் தெரியும். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு 1845ஆம் ஆண்டு போட்ட ஒரு காசு (சென்ட்), அரைக் காசு, கால் காசு. 1867ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாக லண்டன் ஆட்சிக்குப் போன பின்பு வந்த வெள்ளி நாணயங்கள். 1903ல் தொடங்கிய, ஏழாம் எட்வர்ட் தலை போட்ட கனமான ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் நாணயம். ஆனால் சாதாரண ஆளுக்கு உண்மையில் கைக்கு வருவது சதுரக் காசுதான். 1919ல் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் வந்த சதுர ஒரு காசு வடிவம் 1961 வரை ஓடியது. தாத்தா பாட்டி தலைமுறை மிட்டாய் வாங்கிய காசு அது. சந்தையில் பெரிய விலை இல்லை. இருந்தாலும் மண்ணுக்குள்ளிருந்து பச்சை பூத்து நாலு மூலையோடு வெளியே வரும்போது வரும் சந்தோஷத்துக்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

கிழக்குக் கடற்கரைப் பூங்கா இருக்கும் நிலம் 1966ல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்த தூர்வையில் உருவானது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். பழைய கரை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் காத்தோங் பூங்காவுக்குப் போகவேண்டும். அலை வந்து மோதிய இடம் அது. இன்று அங்கிருந்து கடலைப் பார்க்கக்கூட முடியாது. இப்படிப்பட்ட நிலத்தில் காலனி காலத்துக் காசு ஒன்று கிடைத்தாலும் அது வேறிடத்து மண்ணோடு வந்த காசு. யார் எங்கே தவறவிட்டார் என்று அது சொல்லாது. செந்தோசா கடற்கரை மணலும் வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பியதுதான். 'புலாவ் பிளாக்காங் மாத்தி' என்ற பெயரில் பிரிட்டிஷ் கோட்டைத் தீவாக இருந்த இடமாயிற்றே என்று ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

தூர்த்த கடற்கரையில் கிடைப்பது நேற்று விழுந்தவை: சில்லறை, பான மூடி, கூடார ஆணி, எப்போதாவது ஒரு மோதிரம். அந்தச் சில்லறையிலும் ஒரு வேடிக்கை. 2013ல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்களில் பெரும்பாலானவை உலோகப் பூச்சு போட்ட எஃகு. இரும்பை ஒதுக்கும்படி கருவியை வைத்தால் அவற்றில் பலவற்றைக் கருவி துருப்பிடித்த ஆணி என்று நினைத்துத் தாண்டிவிடும். பழைய செம்பும் வெள்ளியும்தான் உரக்கக் கூவும். மோதிரம் கிடைத்தால் 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்ற கதை இங்கே செல்லாது. அடுத்தவர் பொருளை நேர்மையின்றி வைத்துக்கொள்வது தண்டனைச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

செம்பவாங் கடற்கரை வேறு ரகம். தூர்க்கப்படாமல் தப்பிய சொற்பக் கரைகளில் அது ஒன்று. பக்கத்தில் 1938ல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம். அந்தத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் கான்பரா ரோடு வட்டாரத்தில் தலைமுறையாக வாழ்ந்தன. இன்று யீஷூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலின் ஆரம்பமும் அந்தப் பக்கம்தான். அப்படிப்பட்ட கரையில் கடல் வற்றும் நேரத்தில் பழைய காசு தென்பட நியாயமான வாய்ப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பூங்காக்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே மண்ணைத் தோண்ட அனுமதி வேண்டும். எழுதிக் கேளுங்கள், பதில் வந்தபின் போங்கள். கருவியோடு எல்லாரும் போகிறார்களே என்பது அனுமதி ஆகாது. லாப்ரடார், சுங்கை பூலோ, புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகிய நான்கும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடங்கள். அவற்றைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம்.

சாங்கி, பொங்கோல் கரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய ராணுவம் சீனர்களைக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்ற இடங்கள் அவை. நினைவுப் பலகைகள் இருக்கின்றன. அனுமதியே கிடைத்தாலும் நான் அங்கே கருவியை எடுத்துக்கொண்டு போகமாட்டேன்.

இனி தரைவீட்டுத் தோட்டம். காலனி காலத்துப் பொருள்தான் வேண்டும், அதுவும் நம் கையால் எடுக்கவேண்டும் என்றால், இந்த ஊரில் ஒழுங்கான வழி இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. மாமா வீடோ, நண்பரின் வீடோ, போருக்கு முந்தைய வீடாக இருந்து, தோட்டத்தில் சிமெண்ட் போடாத திட்டு ஒன்று மிஞ்சியிருந்தால் போதும். காத்தோங், ஜூ சியாட், சிக்லாப் பக்கம் தென்னந்தோப்பாக இருந்த நிலம். சிராங்கூன் கார்டன்ஸ் வீடுகள் 1950களில் எழுந்தவை, அதற்கு முன் ரப்பர்த் தோட்டம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும் சேர்ந்து வெளியிட்ட கடைசிக்காலக் காசுகளாக இருக்கும். துணிக்கொடிக்குக் கீழே, பழைய மாமரத்து நிழலில், படிக்கட்டு ஓரத்தில், கேட்டிலிருந்து வாசலுக்கு வரும் நடையில் தேடுங்கள். மனிதர்கள் உட்காரும், குனியும் இடத்தில்தான் காசு விழும்.

எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரோடு பேசி முடித்துவிடுங்கள். கிடைப்பது யாருக்கு? பாதிப் பாதியா? குடும்பத்துக்குள் என்றாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். ஐந்து வெள்ளி பெறாத காசுக்குச் சித்தப்பாவோடு மனஸ்தாபம் வந்த கதைகள் உண்டு. வாடகைக்கு இருப்பவர் சரி என்றால் போதாது, நிலத்துக்குச் சொந்தக்காரர் சொல்லவேண்டும். வேலிக்கு வெளியே உள்ள புல்தரை வீட்டைச் சேர்ந்ததல்ல. அங்கே மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் ஓடும். தோட்டத்துக்குள்ளும் ஒரு சாணுக்குக் கீழே போகவேண்டாம், பெரும்பாலான காசுகள் அதற்கு மேலேயே கிடக்கும். புல்லோடு சேர்த்து ஒரு மூடி மாதிரி வெட்டி, எடுத்ததும் திரும்ப வைத்து மிதித்துவிடுங்கள். குழியை அப்படியே விட்டால் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும், அபராதம் வீட்டுக்காரருக்கு வரும். அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார்.

எடுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. செப்புக் காசின் மேல் படிந்த பச்சைதான் எழுத்தையும் தலையையும் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சுரண்டினால் மொழுமொழுவென்று ஒரு தகடு மிஞ்சும். காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு, நீரை மாற்றி, மென்மையான துணியில் ஒற்றி, நிழலில் உலரவிடுவது போதும். கடலோரத்தில் எடுத்ததென்றால் உப்பு வெளியேற இன்னும் நாள் பிடிக்கும். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் உப்பு உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை மற்றக் காசுகளோடு வைக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பற்றிக் கேட்பார்கள். அலெக்சாண்ட்ரா, சிலேத்தார், சாங்கி பக்கம் பிரிட்டிஷ் அதிகாரிகள் குடியிருந்த அந்த வீடுகளின் தோட்டங்கள் பார்த்தாலே கை அரிக்கும். ஆனால் பெரும்பாலும் அரசாங்கச் சொத்து, சிங்கப்பூர் நில ஆணையம் வாடகைக்கு விடுவது. அங்கே குடியிருக்கும் நண்பர் அனுமதி தந்தால் அது அனுமதி இல்லை. 2011ல் ரயில் நின்றபின் பசுமைப் பாதையான பழைய தண்டவாள வழிக்கும் இதே பதில். அந்த ரயில்வேயில் நம்மவர்கள் எத்தனையோ பேர் வேலை பார்த்திருந்தாலும், தண்டவாள ஆணி நம் சொத்து ஆகிவிடாது. 2021ல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது தொல்பொருள்களும் அதன் பார்வைக்குள் வந்தன. முக்கியமானதாகத் தோன்றும் எதையும், அது தனியார் தோட்டத்தில் கிடைத்தாலும், தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரியப்படுத்துவது நல்லது. இடத்தைப் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து வையுங்கள்.

எந்த நிலத்திலும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு கிடைத்தது. நாலாயிரத்துக்கும் அதிகமானவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டு ஆயுதப் படையினர் அங்கேயே அதை வெடிக்கச் செய்தார்கள். கருவி பெரிய இரும்பைக் காட்டி, தோண்டினால் உருளையாகவோ வால் சிறகோடோ ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், விலகி நின்று 999க்கு அழையுங்கள். வெடிக்காத தோட்டாவும் அப்படித்தான். இங்கே உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பதே கடும் குற்றம், நினைவுப்பொருள் என்ற சமாதானம் எடுபடாது.

இனி நான் அதிகம் பரிந்துரைக்கும் வழி. இதில் கருவியே வேண்டாம். சிங்கப்பூரில் முறையான அகழாய்வு 1984ல் ஃபோர்ட் கெனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தோண்டியதிலிருந்து தொடங்குகிறது. அதற்கப்புறம் பாடாங், எம்பிரஸ் பிளேஸ் என்று பல இடங்கள். 2015ல் எம்பிரஸ் பிளேஸில் தோண்டியபோது கிடைத்தவை சுமார் 3.5 டன். தோண்டுவது சில வாரம்தான். கழுவ, காயவைக்க, எண் எழுத, எடைபோட, வகை பிரிக்க வருடக்கணக்கில் ஆள் வேண்டும். யூசோஃப் இஷாக் கழகம் என்ற ஆய்வு நிறுவனத்தின் தொல்லியல் பிரிவு இப்படிப்பட்ட வேலைக்குத் தொண்டூழியர்களைச் சேர்த்துக்கொண்டதுண்டு. பழைய பல்துலக்கியால் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துக்கொண்டு உட்காருவது சிலருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு பிற்பகலில் தொட்டுப் பார்க்கும் பழைய பொருள், கடற்கரையில் ஒரு வருடம் நடந்தாலும் கிடைக்காது.

காத்தோங் பூங்காவையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 1879ல் கட்டத் தொடங்கிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அங்கே புல்தரைக்கு அடியில் புதைந்து கிடந்தது. 2001ல் அக்கம்பக்கத்தவர் கண்ணில் அதன் தடம் பட்டது. 2004ல் தொல்லியலாளர் லிம் சென் சியான் தலைமையில் அதைத் தோண்டியபோது மண் அள்ளியவர்களில் சாதாரண மக்களும் இருந்தார்கள். அதே பூங்காவுக்குள் தனியாளாக மண்வெட்டியோடு நுழைந்திருந்தால் அபராதம். முறையாகப் போனதால் ஒரு கோட்டையே வெளியே வந்தது.

மெட்டல் டிடெக்டருக்கும் இதில் இடமில்லாமல் இல்லை. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் படையினர் ஜப்பானியரை எதிர்த்து நின்ற ஆடம் பார்க்கில், ஜான் கூப்பர் நடத்திய போர்க்கள ஆய்வில் இதே கருவிதான் முக்கிய வேலை செய்தது. ஒவ்வொரு தோட்டா உறையும் எங்கே கிடந்தது என்று குறித்து வைத்து, யார் எங்கிருந்து சுட்டார்கள் என்பதையே வரைந்துவிட்டார்கள். அந்த உறைகளை யாராவது முன்பே பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், அவருக்குக் கிடைப்பது பித்தளைத் துண்டு. ஆய்வாளருக்கோ ஒன்றும் மிஞ்சாது. பொத்தானுக்கும் இதே கதைதான். 1819ல் ராஃபிள்ஸோடு வந்த வங்காளச் சிப்பாய்கள், பிறகு காவலுக்கு வந்த மதராஸ் காலாட்படையினர், ஊட்ரம் பக்கம் 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர் வந்த குடியிருப்பு, 1915ல் கிளர்ந்தெழுந்த ஐந்தாம் இலகு காலாட்படை என்று இந்த மண்ணில் இந்தியச் சிப்பாய்களின் தடம் நீளமானது. ஒரு படைப்பிரிவின் பொத்தான் எந்தத் திட்டில், எந்த ஆழத்தில் இருந்தது என்பது தெரிந்தால்தான் அது அவர்களைப் பற்றிப் பேசும். மேசை இழுப்பறையில் கிடந்தால் பொத்தான் மட்டும்தான்.

காசு கொடுத்து வாங்குவதும் ஒரு வழியே. தேடும் சுகம் இல்லை என்பார்கள், சரி. ஆனால் 1845 கம்பெனிக் காசை நல்ல நிலையில் கையில் வைத்துப் பார்க்கவேண்டும், பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்றால் நாணயக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் போதும், விலையும் பயமுறுத்தாது. 'திருட்டுச் சந்தை' என்று பேர் வாங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ல் மூடியபின் தரையில் பரப்பி விற்கும் அந்த ருசி போய்விட்டது. எட்வர்ட் வெள்ளி வாங்குபவர்கள் மட்டும் கவனம். 1903ல் வந்த பெரிய நாணயம் 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 1907ல் வந்த சிறியது 20 கிராமுக்குச் சற்று அதிகம். போலி நிறைய உலவுகிறது, சின்னத் தராசு ஒன்று கையில் இருக்கட்டும்.

ஜொகூருக்குக் கொண்டுபோய்த் தேடலாமா என்றால் வேண்டாம் என்பேன். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு மரபுச் சட்டம் கண்டெடுப்பைத் தெரிவிக்கச் சொல்கிறது, மரபுப் பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போக உரிமம் கேட்கிறது. விடுமுறைக்குத் தஞ்சாவூர், சிவகங்கை பக்கம் போகும்போது பெட்டியில் கருவியைப் போட்டுக்கொள்ளும் யோசனை அதைவிட மோசம். இந்தியப் புதையல் சட்டம் 1878லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியரிடம் சொல்லவேண்டும் என்பது அதன் விதி. நூறு வருடப் பழமையான பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊரில் கோயில் பக்கத்து நிலத்தில் கருவியோடு நிற்பவரைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கருவி வாங்குவதானால், மண்ணை வைத்து முடிவெடுங்கள். தோட்டத்துக்கு மட்டும் என்றால் ஒற்றை அலைவரிசைக் கருவி, கேரட் ஏஸ் வகையறா, தாராளம். நம் செம்மண்ணில் இரும்புச்சத்து அதிகம், ஆகவே மண்ணுக்கேற்பச் சமன்செய்யும் வசதி இருந்தால் வீண் சத்தம் குறையும். செம்பவாங்கின் ஈர மணலுக்கு அனுமதி கிடைத்து, அங்கேதான் பெரும்பாலும் போகப்போகிறீர்கள் என்றால் ஒற்றை அலைவரிசை கைவிட்டுவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒன்றுமில்லாத இடத்திலும் அது கத்தும். பல அலைவரிசையில் ஒரே நேரத்தில் இயங்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் போன்றவை அங்கே வேலை செய்யும், விலையும் அதற்கேற்ப இருக்கும். துடிப்பு முறையில் இயங்கும் கருவி இவற்றைவிட ஆழம் போகும், உப்புக்கும் அசராது. ஆனால் இரும்பு எது செம்பு எது என்று அதற்குச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. ஆணி நிறைந்த பழைய வீட்டுத் தோட்டத்தில் அதை ஓட்டினால் மாலைக்குள் இடுப்பு போய்விடும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, தரைவீட்டுச் சொந்தம் யாரும் இல்லாதவர் என்றால் கருவிக்கான பணத்தை எடுத்து வையுங்கள். தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுங்கள், நல்லதாக ஒரு சதுரக் காசும் ஒரு கம்பெனிக் காசும் வாங்கி வையுங்கள். தோட்டம் கிடைத்தவர் ஒரு வார இறுதிக்கு யாரிடமாவது கருவியை இரவல் கேட்டுப் பாருங்கள். கடற்கரை நடையே போதும், கிடைத்தது கிடைக்கட்டும் என்பவருக்குப் பல அலைவரிசைக் கருவியும் தேசியப் பூங்காக் கழகத்தின் பதிலும் வேண்டும். இரண்டில் பதில் முதலில் வரட்டும்.